காக்கை வரும் தடம்

நேயர்களுக்கு வணக்கம்.

காக்கை வேட்டையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் வானொலிப் பெட்டியை அணைக்கத் தோன்றினால் அதில் தப்பில்லை. நானும் அமாவாசைக்கு இலையில் சோறு வைத்து, கா கா என்று கூப்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்காரும் வீட்டில் வளர்ந்தவன்தான். நான் சொல்லப்போவது அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்துக் கதை. வேலை நிமித்தமாக அங்கே ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். அங்கே குளிர்காலத்தில் காக்கை சுடுவது சட்டம் அனுமதித்த வேட்டை. அந்த வேட்டையில் நான் கற்றுக்கொண்டது, ஒரு இடத்தை எப்படிக் கெடுக்காமல் வைத்துக்கொள்வது என்பதைத்தான்.

முதலில் அந்த ஊர்க் காக்கையைப் பற்றி. நம் வீட்டுக் காக்கையைவிடப் பெரியது, கழுத்தில் சாம்பல் நிறம் கிடையாது, முழுக் கறுப்பு. கோடையில் கனடாவின் புல்வெளிப் பிரதேசத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் இறங்கியதும் தெற்கே வரும். ஓக்லஹோமாவில் ஃபோர்ட் காப் என்ற ஏரிப் பக்கம் அவை கூட்டமாக அடையும் இடம் பெயர்பெற்றது. சுற்றிலும் நிலக்கடலைக் காடு. விடிந்ததும் கிளம்பி இருபது முப்பது கிலோமீட்டர் போய் மேய்ந்துவிட்டு, பொழுது சாயச் சாய வரிசையாக அதே மரங்களுக்குத் திரும்பும். வானத்தில் ஒரு கறுப்பு ஆறு ஓடுகிற மாதிரி இருக்கும். அரை மணி நேரம் பார்த்தாலும் முடியாது.

கடலை விவசாயிக்கும் பீக்கன் கொட்டைத் தோப்புக்காரருக்கும் இந்தக் காக்கைகள் பெரிய தொல்லை. அதற்காக 1930களிலும் 40களிலும் அங்கே ஒரு காரியம் செய்தார்கள். இரவில் காக்கை அடைந்திருக்கும் மரங்களில் வெடிகுண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டு வெடித்தார்கள். 1934க்கும் 1945க்கும் இடையே அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட காக்கைகள் இப்படிச் செத்தன. காக்கையும் குறையவில்லை, பயிர்ச் சேதமும் குறையவில்லை. பிறகு 1972ல் மெக்சிகோவுடன் இருந்த வலசைப் பறவை ஒப்பந்தத்தைத் திருத்தியபோது காக்கைக் குடும்பமும் அதற்குள் வந்தது. அதிலிருந்து எந்த மாநிலமும் ஆண்டுக்கு 124 நாளுக்கு மேல் காக்கை வேட்டைக்கு விடக்கூடாது, கூடுகட்டும் உச்சப் பருவத்தில் சுடவே கூடாது. பயிரை அழிக்கும்போது விரட்ட விவசாயிக்குத் தனி விதி இருக்கிறது, அது வேறு விஷயம்.

என்னைக் கூட்டிப்போனவர் பக்கத்துப் பண்ணைக்காரர், எழுபதைத் தாண்டியவர். முதல் தடவை போனபோது துப்பாக்கியைத் தொடவே விடவில்லை. மூன்று சாயங்காலம் வேலி ஓரமாக பிக்கப் வண்டியை நிறுத்திக்கொண்டு, காக்கை எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்த மரத்துக்கு மேலாகத் திரும்புகிறது, காற்று மாறினால் தடம் எப்படி மாறுகிறது என்று பார்க்க மட்டும் சொன்னார். எதிர்காற்று அடித்தால் காக்கை தாழப் பறக்கும். அந்த நாளும் அந்த வழியும் சேர்ந்தால்தான் வேட்டை. அடையும் மரத்துப் பக்கம் மட்டும் போகவே கூடாது என்பார். வீட்டு வாசலில் நின்று அடித்தால் யார் அந்த வீட்டில் இருப்பார்கள் என்று கேட்பார்.

நான்காம் நாள் விடியுமுன் போனோம். வேலி ஓரம் சீடர் மரங்கள் வரிசையாக நின்றன. அதன் நிழலுக்குள் இரண்டு முக்காலி போட்டு உட்கார்ந்தோம். தலைமுதல் கால்வரை மண் நிற உடுப்பு, முகத்துக்கு வலை. பத்து தப்படி தள்ளி ஒரு கம்பத்தின் மேல் பிளாஸ்டிக் ஆந்தை, அதைச் சுற்றி மொட்டைக் கிளைகளில் பொம்மைக் காக்கைகள். பறவையை ஏமாற்றி வரவழைக்க வைப்பதை நம் வேட்டைக்காரர்கள் ‘பார்வை’ என்று சொல்வார்களே, அதேதான். இரவில் காக்கையைத் தூக்கிப்போவது கொம்பு ஆந்தை. அந்தப் பகையைப் பகலில் காக்கைகள் தீர்த்துக்கொள்ளும். ஸ்பீக்கரில் ஆந்தையோடு சண்டை போடும் காக்கைச் சத்தத்தை ஓடவிட்டார்.

முதலில் வந்தது ஒற்றைக் காக்கை. கத்தவில்லை. உயரத்தில் ஒரு வட்டம் போட்டுக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. என் கை தானாகத் துப்பாக்கியைத் தேடியது, அவர் என் முழங்காலை அழுத்திப் பிடித்தார். எட்டாத உயரத்தில் சுட்டுத் தவறவிட்டால் அது போய்க் கத்தும், அன்றைய காலை அதோடு முடிந்தது. அது இறங்கி முப்பது மீட்டருக்குள் வந்த பிறகுதான் சுட்டார். அப்புறம் நாலும் ஐந்துமாக வந்தன. இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, தூரத்தில் இன்னும் ஒரு கூட்டம் வந்துகொண்டிருக்கும்போதே ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு எழுந்து தோட்டாக்களை வெளியே எடுத்தார். எனக்குப் புரியவில்லை. வருகிற கூட்டத்தை விட்டுவிட்டு யாராவது எழுந்திருப்பார்களா?

செத்ததைவிடத் தப்பித்துப் போன காக்கைதான் கணக்கு என்றார். அது எதைப் பார்த்துவிட்டுப் போகிறதோ, அதை மற்றதற்கும் சொல்லும். அந்த ஊர் வேட்டைக்காரர்கள் ‘காக்கை படித்துவிட்டது’ என்பார்கள். படித்த காக்கை ஆந்தைப் பொம்மையைத் திரும்பிப் பார்க்காது, சத்தத்துக்கு வராது, அந்த வயலுக்கு மேலே வரும்போது மட்டும் உயரே ஏறிப் பறக்கும்.

கேள்விப்பட்டபோது இது மிகை என்று நினைத்தேன். அப்புறம்தான் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் செய்த சோதனையைப் படித்தேன். 2006ல் ஒரு குகை மனிதன் முகமூடியைப் போட்டுக்கொண்டு சியாட்டில் வளாகத்தில் ஏழு காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள். கொல்லவில்லை, அடிக்கவில்லை. பிறகு அதே முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் சூழ்ந்துகொண்டு கத்தின. ஒரு தடவை நடந்துபோனபோது எதிர்ப்பட்ட 53 காக்கைகளில் 47 கத்தின. பிடிபட்டவை ஏழுதான், மற்றதெல்லாம் பார்த்தும் கேட்டும் கற்றுக்கொண்டவை. வளர்ந்த பிள்ளைகளும் ஓரிரு ஆண்டுகள் அப்பா அம்மாவோடேயே இருந்து அடுத்த குஞ்சுகளைக் காக்கும் பறவை இது. குடும்பத்துக்குள் செய்தி பரவக் கேட்பானேன்?

பெரியவர் ஒரே இடத்துக்கு இரண்டு வாரத்துக்குள் திரும்ப மாட்டார். ஒரு மைல், இரண்டு மைல் தள்ளி ஐந்தாறு இடம் வைத்திருந்தார், மாற்றி மாற்றிப் போவார். வெற்றுத் தோட்டா ஒன்றைக்கூட விடாமல் பொறுக்குவார். செத்த காக்கைகளையும் அங்கேயே போட்டுவிட்டு வரமாட்டார். செத்ததைச் சுற்றி மற்றவை கூடி நின்று இடத்தை அடையாளம் வைத்துக்கொள்ளும். நிலக்காரர் வீட்டுக்கு வருஷத்துக்கு ஒருமுறையாவது நேரில் போய், இந்த ஆண்டும் வரலாமா என்று கேட்பார். வேலிக் கதவு எப்படி இருந்ததோ அப்படியே மூடிவிட்டு வருவார்.

நான் செய்த தப்பையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை. மூன்றாம் ஆண்டு, அந்த சீடர் வரிசைக்கு என்னோடு வேலை பார்த்த ஒருவரைக் கூட்டிப்போனேன். நல்ல காலை வேட்டை. அவருக்குச் சந்தோஷம், தன் நண்பர்களிடம் சொன்னார். அவர்கள் அடுத்த வாரம் வந்தார்கள், அதற்கடுத்த வாரமும். ஐந்து வாரம் தொடர்ந்து அந்த இடத்தில் வெடிச் சத்தம். ஒரு நாள் சாயங்காலம் அடையும் மரத்துக்குக் கீழேயே போய் நின்று சுட்டிருக்கிறார்கள். பக்கத்துப் பீக்கன் தோப்பில் கம்பி வேலி அறுந்து கிடந்தது, புல்லில் சிவப்புத் தோட்டாக் கூடுகள். தோப்புக்காரர் கதவுக்குப் பூட்டுப் போட்டார். தடம் ஆற்றங்கரைப் பக்கம் இரண்டு மைல் கிழக்கே நகர்ந்துவிட்டது, அதுவும் துப்பாக்கிக்கு எட்டாத உயரத்தில். பெரியவர் என்னைத் திட்டவில்லை. சாயங்காலம் வண்டியில் உட்கார்ந்து வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டாக அவர் பார்த்து வந்த தடம் அது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அந்தக் குளிர்காலமும் அடுத்ததும் நாங்கள் அங்கே ஒரு வெடிகூடப் போடவில்லை. தோப்புக்காரர் வீட்டுக்கு நான் மூன்று முறை போனேன். வேலியை என் கையால் கட்டிக்கொடுத்தேன். இரண்டாம் ஆண்டு பிப்ரவரியில் முதன்முதலாகச் சில காக்கைகள் பழைய வழியில், அந்த சீடர் மரங்களுக்கு மேலாகத் தாழப் பறந்து போயின. துப்பாக்கி வண்டியிலேயே கிடந்தது.

ஊருக்குத் திரும்பும்போது அந்த இடத்தை ஒரே ஒருவனிடம் சொல்லிவிட்டு வந்தேன், தோப்புக்காரரின் பேரன். முதலில் அவனையும் மூன்று சாயங்காலம் வெறுங்கையோடு உட்காரவைத்தேன். போன குளிர்காலத்தில் தொலைபேசியில் கூப்பிட்டான். போய்ப் பத்து நாள்தான் ஆகிறது, நாளைக்கு நல்ல எதிர்காற்று, போகட்டுமா என்று கேட்டான். இன்னும் நாலு நாள் பொறு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. சரி என்றான்.