எட்டு போடத் தெரியும், நிறுத்தத் தெரியுமா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வடசென்னையில், தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ எல்.எல்.ஆர். வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற பிள்ளையிடம் தெருவில் முதலில் வரும் கேள்வி, "எட்டு போட்டுடுவியா?" என்பதுதான். அடுத்த 30 நாளும் அந்த எட்டே கதி. டெஸ்டில் எட்டு வந்துவிட்டால் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாயிற்று என்று வீடே நம்பிவிடும்.

எட்டு எதைச் சோதிக்கிறது? நடக்கிற வேகத்தில், கால் ஊன்றாமல், கோட்டை விட்டு வெளியே போகாமல் வண்டியைத் திருப்புவதை. கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி போனால் எட்டு தானாக வரும். வலது கையில் பிடிக்கும் முன் பிரேக்கைத் தொட்டால் அந்த வேகத்தில் வண்டி சாய்ந்து கால் தரையில் பட்டுவிடும். அதனால் பழக்கிவிடுகிற அண்ணன் முதல் நாளே சொல்லிவிடுகிறார்: "வலது கைய பிரேக்ல வைக்காதடா, தூக்கி அடிச்சிடும்." எட்டுக்கு அது சரியான அறிவுரை. ஆனால் லைசென்ஸ் வந்து பத்து வருடம் ஆன பிறகும் அந்தப் பாடம் கையை விட்டுப் போவதில்லை. அங்கேதான் ஆபத்து.

2022இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டு நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். ஹெல்மெட், குடி, வேகம் பற்றியெல்லாம் எல்லோரும் பேசுகிறோம். பிரேக் பிடிக்கும் கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்றைய உரை பெரும்பாலும் அந்தக் கையைப் பற்றியது.

பஸ் திடீரென்று நின்றால் நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லோரும் டிரைவர் பக்கம் சரிகிறார்கள் அல்லவா? பைக்கிலும் அதேதான். பிரேக் பிடித்த கணத்தில் பாரத்தின் பெரும்பகுதி முன் சக்கரத்தின் மேல் ஏறுகிறது. முன் டயர் தரையில் நன்றாக அமுங்கிப் பிடிக்கிறது, பின் டயர் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை மட்டும் பிடித்தால் அது சீக்கிரம் பூட்டிக்கொண்டு "கிரீச்" என்று வழுக்கும். சத்தம் பெரிதாக வரும், வண்டி நிற்காது.

கணக்காகவே பார்க்கலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 14 மீட்டர் ஓடும். முன்னால் ஆட்டோ நிற்பதைக் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்குக்குப் போவதற்கு ஒரு வினாடி. ஆக, பிரேக் பிடிக்கும் முன்பே 14 மீட்டர் போய்விட்டது. காய்ந்த தார் ரோட்டில் இரண்டு பிரேக்கையும் ஒழுங்காகப் பிடித்தால் இன்னும் ஏறக்குறைய 14 மீட்டரில் நிற்கும். பின் பிரேக் மட்டும் என்றால் அதுபோல் இரண்டு மடங்கு தூரம் வேண்டும். அதாவது, இரண்டு பிரேக் பிடித்தவர் நின்றுவிட்ட இடத்தில், பின் பிரேக் மட்டும் மிதித்தவர் இன்னும் 35 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். ஆட்டோ அங்கேதான் நிற்கிறது.

ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் 125 சி.சி. வரையிலான வண்டிகளில் சி.பி.எஸ். (இரண்டு பிரேக்கையும் இணைக்கும் ஏற்பாடு) அல்லது ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) இருக்க வேண்டும், அதற்கு மேற்பட்டவற்றில் ஏ.பி.எஸ். கட்டாயம். சி.பி.எஸ். ஸ்கூட்டரில் இடது லீவரை அழுத்தினால் முன் சக்கரத்துக்கும் கொஞ்சம் பிரேக் போகும். "அப்ப இடது கை போதும்" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம்தான் போகும். முழுப் பிடிமானம் வலது லீவரில்தான் இருக்கிறது.

சரி, பயம் எப்படிப் போகும்? பழகினால்தான் போகும். போக்குவரத்தே இல்லாத, காய்ந்த, மணல் இல்லாத நேரான தார்த்தளம் 60 மீட்டர் இருந்தால் போதும். தயவுசெய்து எண்ணூர் விரைவுச் சாலையில் இதைச் செய்து பார்க்காதீர்கள். ஹெல்மெட், ஷூ, முழுக்கை சட்டையோடு, பின்னால் யாரும் இல்லாமல் தொடங்குங்கள். சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு. முதலில் 20 கிலோமீட்டர் வேகம், பத்து முறை. கோட்டை முன் சக்கரம் தொட்டதும் ஆக்சிலேட்டரை மூடி இரண்டு பிரேக்கையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும்.

பிடிக்கும் விதம்தான் வித்தை. வலது லீவரை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் பிழிய வேண்டும். முதலில் லீவரில் உள்ள தளர்வு போகும். அடுத்து முன் ஷாக் அப்சார்பர் அமுங்குவது உள்ளங்கையில் தெரியும். அது தெரிந்த பிறகுதான் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். எல்லாம் அரை வினாடிக்குள் நடக்கிற காரியம். டிஸ்க் பிரேக்குக்கு இரண்டு விரல் போதும், டிரம்முக்கு நான்கு விரலும் வேண்டும். முட்டிகள் டேங்கை இறுக்கிப் பிடித்திருக்கட்டும்; இல்லையென்றால் உடம்பின் பாரம் முழுக்கக் கைக்கு வந்து ஹேண்டில் பார் ஆடும். வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் கிளட்ச். முழுக்க நின்ற பிறகு இடது கால் தரையில்.

20இல் பத்து முறை சரியாக வந்தால் 30, பிறகு 40. நின்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். ஒரு மணி நேரத்தில் அந்தக் கோடுகள் நெருங்கி வருவது கண்ணுக்கே தெரியும். அப்புறம் ஒருவரை ஓரமாக நிற்க வைத்து, அவர் கையைக் கீழே இறக்கும்போது நிறுத்துங்கள். எப்போது இறக்குவார் என்று தெரியக் கூடாது. கடைசியாகப் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு 20, 30. பாரம் கூடும்போது பிரேக்கின் தன்மையே மாறுவதைப் பார்ப்பீர்கள்.

இதில் வழக்கமாக வரும் தப்புகள் சில. பார்வை முன் சக்கரத்துக்கு இறங்கிவிடுவது. கண் போகும் பக்கம்தான் வண்டியும் போகும், அதனால் தூரத்தில் பார்க்க வேண்டும். ஹேண்டில் கொஞ்சம் திரும்பியிருக்கும்போதே பிடிப்பது. தூக்கி அடிப்பது பெரும்பாலும் இந்தத் தப்பால்தான், பாவம், பழி முன் பிரேக் மேல் விழுகிறது. வண்டி நிற்கும் முன்பே காலை ஊன்றுவது, கணுக்கால் போய்விடும். பின் சக்கரம் வழுக்கினால் பதறாமல் ஹேண்டிலை நேராக வைத்துக்கொண்டு பெடலை இலகுவாக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் அதே கணத்தில் லீவரை விட்டு, மறுபடி மென்மையாகப் பிடிக்க வேண்டும்.

முன் பிரேக்கை மென்மையாகத் தொட வேண்டிய இடங்களும் உண்டு. வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து லோடு ஆட்டோவும் மீன்பாடி வண்டியும் கிளம்பினால் ஐஸ் உருகிய தண்ணீர் வழியெல்லாம் சொட்டும். வெறும் தண்ணீர் இல்லை, செதிலும் வழவழப்பும் கலந்தது. ரோட்டுத் தூசியோடு சேர்ந்தால் சோப்பு நுரை போலாகிவிடும். வளைவில் அந்த ஈரக் கோட்டின் மேல் போவதைவிட, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே பிரேக்கைத் தொடாமல் போவதே நல்லது. கடலோரச் சாலையில் ஓரம் ஒதுங்கும் மணலும் இப்படித்தான். பள்ளத்தின் மேல் போட்ட இரும்புத் தகடு மழையில் நனைந்தால் கண்ணாடி. கொருக்குப்பேட்டை கேட் போன்ற இடங்களில் தண்டவாளத்தைக் கூடியவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் டயர் இடுக்கில் மாட்டும். மழை பிடித்த முதல் கால் மணி நேரம்தான் ரொம்ப வழுக்கும், ரோட்டில் காய்ந்திருந்த எண்ணெய் மேலே மிதப்பதால்.

டயரின் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் இரு சக்கர வண்டிக்கு அது சட்டப்படியே செல்லாது. டயரின் பக்கத்தில் டி.டபிள்யூ.ஐ. என்று போட்ட இடத்துக்கு நேரே, பள்ளத்துக்குள் உள்ள மேடு தேய்மானத்தைக் காட்டிக்கொடுக்கும். காற்று அளவு சங்கிலி மூடியிலோ பக்கத்திலோ ஒட்டியிருக்கும். டிரம்மில் தேய்மானம் காட்டும் அம்புக்குறி இருக்கும். அது எல்லைக் கோட்டைத் தொட்டால் பிரேக் ஷூ மாற்றும் நேரம்.

இனி கண்டெய்னர். துறைமுகத்துக்கும் மணலிக்கும் மாதவரத்துக்கும் நடுவே வாழ்பவர்கள் இதை விட்டுப் பேச முடியாது. 40 அடிப் பெட்டி என்றால் பெட்டி மட்டுமே 12 மீட்டர். முன்னால் அதை இழுக்கும் லாரித் தலை வேறு. இப்படிப்பட்ட வண்டி இடது பக்கம் திரும்ப, டிரைவர் முதலில் வலது பக்கம் ஒதுங்குவார். இடது பக்கம் பெரிய இடைவெளி திறக்கும். பின்னால் வரும் பைக்காரருக்கு அது வழி விட்டதாகத் தெரியும். நுழைவார். தலை திரும்பத் தொடங்கியதும் பின் சக்கரங்கள் தலை போன பாதையில் வராது. உள்பக்கமாக, நடைபாதையை உரசிக்கொண்டு வரும். இடைவெளி கத்தரிக்கோல் போல மூடிக்கொள்ளும். டிரைவர் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார், இடது பக்கக் கீழே நடப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. சிக்னலில் அந்த வண்டியின் மூக்குக்கு நேர் முன்னே போய் நிற்பதும் அப்படியே. கேபின் உயரத்திலிருந்து பார்த்தால் பம்பருக்குக் கீழே ஒரு பைக் மறைந்துவிடும். இரவில் விளக்கில்லாமல் ஓரம் கட்டிய டிரெய்லர் இன்னொரு எமன். 60இல் போனால் ஒழுங்காகப் பிரேக் பிடித்தாலும் நிற்க 37 மீட்டர் வேண்டும். உங்கள் டிம் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டுகிறதா என்பதே வேகத்துக்கு அளவு. ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒட்டாத டிரெய்லர்களைப் பிடிக்க வேண்டியது அதிகாரிகள் வேலை, பைக்காரர் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது நியாயமில்லை.

ஹெல்மெட் பற்றிச் சுருக்கமாக. ரோட்டோரத்தில் ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கரும் தனியாகக் கிடைக்கிறது. முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும்; பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டுப் பார்க்கலாம். உள்ளே விரலால் அழுத்துங்கள்: துணிக்கு அடியில் கெட்டியான தெர்மோகோல் இருக்க வேண்டும், வெறும் பஞ்சு கூடாது. பட்டியை மாட்டிக்கொண்டு பின்னாலிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது தொப்பி. ஒரு முறை அடி வாங்கியதை மறுபடி போடாதீர்கள், வெளியே கீறலே இல்லாவிட்டாலும். புடவை, துப்பட்டா அணிந்து பின்னால் உட்காருபவர்களுக்காகப் பின் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அழகுக்காக அதைக் கழற்றிவிடும் பழக்கத்தை மெக்கானிக்குகளே மறுக்க வேண்டும்.

அரசு என்ன செய்ய முடியும்? புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆம் விதி, அவசரத்தில் வண்டியை நிறுத்தும் திறமையையும் டெஸ்டில் பார்க்கச் சொல்கிறது. பிரிட்டனில் 1990 டிசம்பரிலிருந்து, அடிப்படைப் பயிற்சி முடிக்காமல் புதிதாகக் கற்பவர் ரோட்டுக்கு வர முடியாது. லைசென்ஸ் டெஸ்டிலும் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து திடீரென நிறுத்திக் காட்ட வேண்டும். நம் ஊர் மைதானத்தில் எட்டுக்குப் பக்கத்தில் ஒரு நேர்கோடு போட்டு, 30 கிலோமீட்டரில் வந்து நிறுத்தச் சொல்ல எவ்வளவு செலவாகும்? ஒரு டப்பா சுண்ணாம்பு. மத்திய அரசு 2021 ஜூலையிலிருந்து அங்கீகரிக்கும் ஓட்டுநர் பயிற்சி மையங்களில் தேறினால் தனியாக டெஸ்ட் வேண்டாம் என்ற சலுகை உண்டு. அப்படிப்பட்ட மையங்களின் பாடத்தில் இந்தப் பயிற்சிக்கு முழு அரை நாள் ஒதுக்க வேண்டும்.

உணவு, பார்சல் டெலிவரி செய்யும் பிள்ளைகள் நாளெல்லாம் ரோட்டில்தான். 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு இணையச் செயலி வழி வேலை செய்யும் 2,000 தொழிலாளர்களுக்கு மின் ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. இப்படித் தரும் மானியத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிரேக் பயிற்சியையும் சேர்த்துக் கட்டாயமாக்கலாம். மின் ஸ்கூட்டருக்கு அது இன்னும் அவசியம்: சத்தமில்லாமல் எடுத்த எடுப்பிலேயே வேகம் பிடிக்கும், பலவற்றில் ஆக்சிலேட்டரை விட்டாலே கொஞ்சம் தானாகப் பிரேக் பிடிக்கும். பழைய பெட்ரோல் வண்டியில் பழகிய கைக்கு இரண்டுமே புதிது.

பதினாறு வயதில் ஸ்கூட்டர் ஓட்டலாம் என்று நினைக்கும் பெற்றோருக்கு: அது 50 சி.சி.க்கு உட்பட்ட வண்டிக்கு மட்டும். இன்று கடையில் நிற்கும் 110 சி.சி. ஸ்கூட்டருக்கு 18 ஆக வேண்டும். பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால், வண்டி கொடுத்தவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

விபத்து நடந்துவிட்டால் 108. அடிபட்டவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்தில் அடி இருக்கலாம். ஆட்டோவில் மடக்கி ஏற்றுவதும் அதே காரணத்துக்காகத் தப்பு. 2021 டிசம்பர் 18இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ராயபுரம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை நம் பக்கத்திலேயே இருக்கிறது. உதவியவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தவோ, பெயர் சொல்லச் சொல்லி வற்புறுத்தவோ முடியாது; மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134ஏ அதற்குக் காப்பு.

வணக்கம்.