பொட்மரைப் பார்த்துச் சிரித்தவர்கள்

(சூரிச்சில் தமிழர் கூடிய ஒரு திரையிடலுக்குப் பிறகு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையில் இருக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

படம் முடிந்து தேநீர் குடித்த நேரத்தில் உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கேயே பிறந்த பிள்ளைகள், "நல்ல பகிடி, ஆனால் பழைய கதை" என்றார்கள். அவர்களைப் பெற்றவர்களில் சிலர், "இதில் சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டார்கள். ஒரு ஐயா, "எங்களைப் போல ஒருத்தரும் இந்தப் படத்தில் இல்லையே" என்றார். நான் தயாரித்து வந்த பேச்சை ஓரமாக வைத்துவிட்டு இவற்றுக்கே பதில் சொல்கிறேன்.

'டீ ஷ்வைட்ஸர்மாகர்', அதாவது 'சுவிஸ்காரரை உருவாக்குபவர்கள்', 1978 இல் வந்த படம். இயக்கியவர் ரோல்ஃப் லீஸி. சுவிஸ் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பித்தவர்களை வேவு பார்ப்பதே படத்தில் வரும் இரண்டு அதிகாரிகளின் வேலை. மூத்தவர் பொட்மர். அவருக்கு உதவியாளர் ஃபிஷர். அந்த வேடத்தில் நடித்தவர் எமில் ஷ்டைன்பெர்கர், நாடே கொண்டாடிய நகைச்சுவைக் கலைஞர். சுவிஸ்காரரை விடச் சுவிஸ்காரராக இருந்து காட்டப் பாடுபடும் ஒரு ஜெர்மன் மனநல மருத்துவரும் அவருடைய மனைவியும், கேக் செய்யும் ஓர் இத்தாலியர், யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த ஒரு நடனக்காரி ஆகியோர்தான் விண்ணப்பதாரர்கள். ஃபிஷருக்கு அந்த நடனக்காரி மேல் காதல் வருகிறது. கதை உங்களுக்கு இப்போது தெரியும்.

திரையரங்குகளில் மட்டும் ஏறத்தாழ 9 இலட்சத்து 40 ஆயிரம் பேர் இதைப் பார்த்தார்கள். அன்று நாட்டின் மக்கள்தொகை 63 இலட்சம் அளவில்தான் இருந்தது. சுவிஸ் படங்களில் இதுவே பெரிய வெற்றி. 2010 இல் இதே சூரிச்சில் இசை நாடகமாகவும் மேடையேறியது.

இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். படம் வருவதற்கு எட்டு வருடங்களுக்கு முன், 1970 ஜூன் 7 ஆம் திகதி, வெளிநாட்டவர் வருகையை எதிர்த்த அரசியல்வாதி ஜேம்ஸ் ஷ்வார்ட்ஸன்பாக் கொண்டுவந்த யோசனை நாடு தழுவிய வாக்கெடுப்புக்கு வந்தது. வெளிநாட்டவர் பங்கை 10 சதவீதத்துக்குள் அடக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. நிறைவேறியிருந்தால் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளியேற வேண்டி வந்திருக்கும். 54 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 46 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். அன்று வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே; கூட்டாட்சி மட்டத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1971 இல்தான் கிடைத்தது.

அந்த 46 சதவீதத்திலும் பலர் பிறகு இந்தப் படத்துக்குப் போய் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். எப்படி முடிந்தது? பொட்மரிடம் பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டார்கள், மேலதிகாரியைக் கண்டார்கள். தங்களைக் காணவில்லை. என் அபிப்பிராயத்தில் இந்தப் படத்தின் பெரிய குறை இதுதான். பொட்மர் அவ்வளவு விறைப்பானவர், அவ்வளவு விசித்திரமானவர். அவரைப் பார்க்கிற எவரும் "நான் இப்படி இல்லை" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். படத்தை நான் நேசிக்கிறேன், ஆனாலும் அந்த நிம்மதி எனக்குக் கோபத்தைத் தருகிறது.

பிள்ளைகளே, பழைய கதை என்றீர்கள். 2000 ஆம் ஆண்டு மார்ச்சில், லூட்சேர்ன் மாநிலத்து எம்மன் நகரில், பிரஜாவுரிமை விண்ணப்பங்களை வாக்குப் பெட்டியில் வைத்தே முடிவு செய்தார்கள். தேறியவர்கள் இத்தாலியர் மட்டும். நிராகரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முன்னாள் யூகோஸ்லாவியாவைச் சேர்ந்தவர்கள். இந்த முறை அரசியலமைப்புக்கு விரோதமானது என்று கூட்டாட்சி உயர் நீதிமன்றம் சொல்ல 2003 ஆகிவிட்டது. அப்புறம் ஷ்வீட்ஸ் மாநிலத்து ஆர்ட் என்ற ஊர். அங்கே பல வருடங்களாக வாழ்ந்து தொழில் நடத்திய ஓர் இத்தாலியரை நிராகரித்தார்கள். உள்ளூர் விலங்குப் பூங்காவில் கரடியும் ஓநாயும் ஒரே அடைப்பில் இருப்பது அவருக்குத் தெரியவில்லை என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அவருக்குப் பிரஜாவுரிமை கொடுங்கள் என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பு வெளியானது 2020 இல். சினிமாவுக்காக எழுதிய காட்சி இல்லை இது. ஒரு மனிதர் பதில் தெரியாமல் ஒரு மேசை முன்னால் உண்மையிலேயே உட்கார்ந்திருந்தார்.

அதனால்தான் உங்கள் பெற்றோருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் அவர்கள். டொச் (ஜெர்மன்) மொழி இலக்கணம் பிழைத்துவிடுமோ, பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது சொல்லியிருப்பாரோ என்ற பயம் அவர்களுக்குத் தெரியும். சுவிஸ் விமர்சகர்கள் எழுதியதை நாற்பது வருடங்களாகப் படிக்கிறோம். இந்தப் பயத்தை அறிந்தவர்களின் கருத்தை யாரும் எழுதி வைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ஐயா கேட்டதற்கு வருகிறேன். அவர் கண்டது சரி. படத்தில் வரும் விண்ணப்பதாரர்களுக்குத் தொழில் இருக்கிறது, வீடு இருக்கிறது, விண்ணப்பிக்கும் தகுதியும் இருக்கிறது. அதே காலத்தில் இந்த நாட்டின் வீதிகளையும் கட்டடங்களையும் கட்டிய பருவகாலத் தொழிலாளர்கள் விண்ணப்பிக்கும் கட்டத்துக்கே வர முடியாது. வருடத்தில் ஒன்பது மாதம் வேலை, தகரக் கொட்டகையில் படுக்கை, குடும்பத்தைக் கூப்பிட அனுமதி இல்லை. மனதைக் கல்லாக்க முடியாதவர்கள் பிள்ளைகளைக் களவாகக் கூட்டிவந்து, சத்தம் போடாதே என்று சொல்லி அறைக்குள் பூட்டி வைத்தார்கள். அந்தச் சட்டம் 2002 இல்தான் முழுதாக ஒழிந்தது. கதவுக்குப் பின்னால் இருந்த அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பொட்மருக்கு அறிக்கை எழுதும் தேவையே வரவில்லை. படத்துக்கும் வரவில்லை.

83 க்குப் பிறகு நாங்கள் வந்தோம். தோல் ஜாக்கெட் போட்ட தமிழர் எல்லாம் போதைப்பொருள் விற்கிறவர்கள் என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு உணவகச் சமையலறைகளில் எங்கள் உழைப்பைப் பார்த்து அதே நாடு எங்களைப் பாராட்டியது. இரண்டுமே எங்களைக் கேட்டு எழுதியவை அல்ல.

இன்று எரித்திரியரைப் பற்றியும் ஆப்கானியரைப் பற்றியும் எங்கள் வீட்டு மேசைகளில் என்ன பேசுகிறோம்? "இவங்கள் வேலை செய்ய மாட்டாங்கள், சும்மா காசு வாங்கத்தான் வந்தவங்கள்." சிவப்புச் சுவிஸ் கடவுச்சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லும் எங்கள் ஆட்களை நான் பல கொண்டாட்டங்களில் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது உடம்பு கூசுகிறது. பொட்மர் தமிழ் பேசினாலும் பொட்மர்தான்.

நான் போதுமான அளவு பேசிவிட்டேன். பிரஜாவுரிமை நேர்முகத்தில் உங்களிடம் கேட்ட கேள்விகளை நீங்கள்தான் இப்போது சொல்ல வேண்டும். ஒலிவாங்கி பின்வரிசையிலிருந்து வரட்டும். பெயர் சொல்ல விருப்பமில்லாதவர்கள் சொல்ல வேண்டாம். இரண்டு தம்பிமார் எழுதிக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள்.