மீன் பழகிக்கும் சார்

(தண்டையார்பேட்டையில் போன ஞாயிறு மாலை பேசியது. மேடையில் அவசரத்தில் விட்டுப்போன ஓரிரு இடங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

தலைமை தாங்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, இன்றைக்கு இன்னும் மூன்று கூட்டம் இருந்தும் முதலில் இங்கே வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எண்ணூரிலிருந்து வலை வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் குப்பத்து நாட்டார்களே, மைக்செட் தம்பிகளே, முன்வரிசையில் பிஸ்கட்டுக்காகப் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் குட்டிப் பசங்களே, எல்லாருக்கும் வணக்கம். போன தடவை கிளை நூலகர் ஐயா பெயரை விட்டுவிட்டேன், ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அதனால் அவருக்கு மட்டும் இரண்டு வணக்கம். பொன்னாடைக்கும் நன்றி. மே மாதம், மேலே ஓடாத மின்விசிறி, தோளில் பொன்னாடை, பேச வேண்டிய தலைப்பு சூழலுக்கு ஏற்ற தகவமைப்பு! சரி, முயற்சி செய்கிறேன்.

மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒரே இனத்துக்குள் ஒன்றைப் போல் ஒன்று ஏன் இருப்பதில்லை, அது முதலாவது. அந்த வேறுபாட்டைச் சூழல் எப்படிச் சலிக்கிறது, இரண்டாவது. மனுஷன் உடம்பு எப்படி ஊருக்கு ஊர் மாறியது, மூன்றாவது.

எங்கள் ஆயா மீன் குழம்பு ஊற்றும்போது யாருக்குப் பெரிய துண்டு என்று நாங்கள் அடித்துக்கொள்வோம். அவர் கரண்டியைக் கீழே வைக்காமலே சொல்வார், "அஞ்சு வெரலும் ஒண்ணாவாடா இருக்கு?" நான் எந்த மேடை ஏறினாலும் இந்தப் பழமொழியைக் கொண்டுவருவேன், வேறு ஒன்று கற்றுக்கொள்ளுங்கள் என்று வீட்டிலேயே சொல்லிப் பார்த்துவிட்டார்கள். இன்றைக்கு என்ன செய்ய, தலைப்பே அதுதான்.

வியாசர்பாடியில் என் தாய்மாமா புறா வளர்த்தார். இங்கே புறாக்காரர்கள் நாலு பேராவது இருப்பீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, கழுத்து மேலேயே இருக்கிறது. மொட்டை மாடியில் பலகையும் கம்பிவலையும் அடித்த கூண்டு, ஒரு பக்கம் கர்ணம் அடிக்கிற புறா, இன்னொரு பக்கம் எங்கே விட்டாலும் வீடு திரும்புகிற ஹோமர். "இந்த ஆளு என்னைப் பார்த்ததைவிட வானத்தைப் பார்த்ததுதான் அதிகம்" என்பார் அத்தை. ஒரு வருஷம் விஜயவாடாவில் காலையில் திறந்துவிட்ட பந்தயத்தில் மாமாவின் சாம்பல் நிற ஹோமர் அன்று சாயங்காலமே மாடியில் வந்து இறங்கியது. தெருவே டீ குடித்தது, கணக்கு மாமா பெயரில். அடுத்த மாதம் அத்தைக்கு ஆபரேஷன். காசு வேண்டும். ஹோமரைத் திருவொற்றியூர்க்காரர் ஒருவருக்கு விற்றார். அவர் மூன்று நாள் அடைத்து வைத்து நாலாம் நாள் கூண்டைத் திறந்திருக்கிறார், அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அது எங்கள் மாடியில். ராத்திரி வந்து வாங்கிக்கொண்டு போனார். இந்தத் தடவை பதினைந்து நாள், இறக்கையை நூல் போட்டுக் கட்டி, கம்பும் கடலையும் கொட்டி, மாப்பிள்ளை மாதிரி உபசாரம். நூலை அவிழ்த்த அன்றைக்கே திரும்பவும் இங்கே. மூன்றாம் தடவை அவர் சைக்கிளில் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது புறா மாமாவின் தோளில் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. "யோவ், நீ புறாவை வித்தியா, வாடகைக்கு வுட்டியா?" (இங்கே ஐந்து நிமிஷம் பேச முடியவில்லை, புறாக்காரர்கள் தங்கள் கதைகளை ஆரம்பித்துவிட்டார்கள்.)

மாமா சொன்னார், "கோச்சுக்காத நைனா. இதான் வூடுன்னு இது மண்டையில ஏறிப்போச்சு. இதோட குஞ்சை எடுத்துக்கினு போ, அது உன் மாடியைப் பார்த்து வளரட்டும்." இரண்டு குஞ்சுகள் கொடுத்தார். ஒரே ஜோடி, ஒரே கூடு, ஒரே தீனி. ஒன்று பின்னாளில் நெல்லூரிலிருந்து திருவொற்றியூருக்கு ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தது. இன்னொன்று முதல் பந்தயத்திலேயே போனது போனதுதான். அஞ்சு விரலும் ஒன்றாகவா இருக்கிறது? அந்த ஆள் அடுத்து எதை ஜோடி போட்டிருப்பார்? வீட்டுக்கு வந்ததைத்தான். வராததை ஜோடி போட முடியாதே! தேர்வு என்பது அவ்வளவுதான். வந்தது குஞ்சு பொரிக்கும், வராதது பொரிக்காது.

சார்லஸ் டார்வினும் நம்மாள்தான், புறாக்காரர். 1855 வாக்கில் வீட்டில் கூண்டு கட்டி விதவிதமாக வளர்த்தார், லண்டனில் இரண்டு புறா சங்கங்களில் உறுப்பினர். விசிறிவால் புறா, கர்ணப்புறா, தொண்டையை ஊதிக்கொள்கிற புறா, இதெல்லாம் பார்க்க வேறு வேறு இனம் மாதிரி இருந்தாலும் எல்லாம் ஒரே மாடப்புறாவின் வம்சம் என்று நிறுவினார். 1859இல் வந்த அவருடைய புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் புறாக்களுக்குத்தான் பெரிய இடம். அச்சுக்கு முன் அதைப் படித்துப் பார்த்த ஒருவர், புறாவைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லுங்கள், புறா என்றால் எல்லாருக்கும் பிடிக்கும் என்று பதிப்பாளரிடம் யோசனை சொன்னாராம். வியாசர்பாடியில் பிறந்திருக்க வேண்டிய மனுஷன்.

அடுத்து, சலிக்கிற விஷயம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் ஓர் அந்துப்பூச்சி, வெள்ளையில் கரும்புள்ளி. பாசி படிந்த மரப்பட்டையில் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது. 1848இல் அங்கே முதல் கறுப்புப் பூச்சி பதிவானது. ஆலைப் புகை கூடக்கூட மரமெல்லாம் கரி. நம் ஊரில் மாடியில் காயப்போட்ட வேட்டியை உதறினால் விழுமே, அதே கரிதான். 1895இல் மான்செஸ்டரில் நூற்றுக்கு 98 பூச்சி கறுப்பு. 1956இல் புகைக்குத் தடைச் சட்டம் வந்து மரங்கள் மெல்ல வெளுத்தபின் வெள்ளை திரும்பியது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். எந்தப் பூச்சியும் நிறம் மாற்றிக்கொள்ளவில்லை. வெள்ளையாய்ப் பிறந்தது வெள்ளையாகவே குருவி வாய்க்குப் போனது. கறுப்பு தப்பியது, முட்டையிட்டது.

கலாபகஸ் தீவுகளிலும் இதே கதைதான். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973இலிருந்து ஒரு சின்னத் தீவில் குருவிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அலகை அளந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. மிஞ்சியதெல்லாம் பெரிய கெட்டி விதை. ஒரு வகைக் குருவி ஆயிரத்துக்கு மேல் இருந்தது இருநூறுக்கும் கீழே போனது. தப்பியவற்றுக்குச் சராசரியாக அலகு தடிமன், குஞ்சுகளுக்கும் அப்படியே. புத்தகத்தில் தகவமைப்பு என்று ஒரு சொல்லாக எழுதிவிடுகிறோம். அந்தத் தீவில் அதற்கு அர்த்தம் தரையெல்லாம் செத்த குருவி.

இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், இரண்டு வருஷம் முன்பு ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம். யார் நடத்தியது என்பது வேண்டாம். எண்ணூர் ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து இறாலே இல்லை என்று ஓர் அக்கா அழாத குறையாகப் பேசினார். ஓர் அதிகாரி தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டே சொன்னார், "மீனெல்லாம் பழகிக்கும் சார், நேச்சர் அப்படி." அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு மைக் கிடைத்திருக்கிறது.

பழகுவது வேறு, தகவமைவது வேறு. நானும் இந்தப் பொன்னாடைக்குப் பழகிவிட்டேன், அதற்காக என் பேரப்பிள்ளை பொன்னாடையோடு பிறக்கப் போவதில்லை. தகவமைவதற்குத் தலைமுறைகள் வேண்டும். அதைவிட முக்கியம், கூட்டத்துக்குள்ளேயே முன்கூட்டி அந்த ஒரு விரல் இருக்க வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நச்சுக் கழிவு கலந்த கழிமுகங்களில் கில்லி என்று ஒரு சின்ன மீன். சாதாரண மீன் தாங்குவதைப்போல் 8,000 மடங்கு வரை நஞ்சைத் தாங்குகிறது என்று 2016இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அதிகாரி அதைத்தான் எங்கேயோ படித்திருப்பார். ஆனால் அதே ஆட்கள் சொன்ன காரணத்தைப் படிக்கவில்லை. அந்த மீன் கோடிக்கணக்கில் இருந்தது, உள்ளுக்குள் ஏராளமான வேறுபாடு இருந்தது, அதனால் தப்பியது, மற்ற இனங்களுக்கு அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. நம் ஆற்றில் இருந்ததை அள்ளி, மிச்சத்தைச் சாம்பலில் மூடி, நாலு விரலையும் வெட்டிவிட்டு, அஞ்சாவது விரல் பார்த்துக்கொள்ளும் என்றால்?

எண்ணூரில் யாருமே தகவமையவில்லை என்று சொல்ல மாட்டேன். காக்கா ஆழி என்கிற சிப்பிக்கு ஒரு குறையும் இல்லை! தென்னமெரிக்கக் கரையைச் சேர்ந்தது, கப்பல் வழியாக வந்திருக்கலாம் என்கிறார்கள். உப்பு கூடினாலும் குறைந்தாலும் கவலைப்படாது, ஆற்றுத் தரையில் பாய் விரித்த மாதிரி ஒட்டிக்கொள்கிறது. கீழே சேறு கிடைத்தால்தானே இறால் புதையும்? கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களின் விரலெல்லாம் அதன் விளிம்பு கிழித்த காயம். நம்மாட்களுக்கு அது விலைபோகாத ஆழி. சூழலைக் கெடுத்தாலும் சலிப்பது நிற்காது, நமக்கு வேண்டாததைச் சலித்துக் கொடுக்கும்.

கண்டல் மரத்தைச் சொல்லாமல் விட்டால் நாட்டார் கோபித்துக்கொள்வார். வெண்கண்டல் இலையை நக்கிப் பாருங்கள், உப்புக் கரிக்கும், வேண்டாத உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளுகிறது. சேற்றில் காற்று கிடையாது என்று மூச்சு வேரைப் பென்சில் பென்சிலாக மேலே நீட்டும். எத்தனையோ லட்சம் வருஷத்தில் வந்த ஏற்பாடு. அந்தப் பென்சிலை மூட நாலு லாரி சாம்பல் போதும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்தபோது அந்த வேர் எல்லாம் தார் பூசிய மாதிரி நின்றதை இங்கே பாதிப் பேர் பார்த்திருக்கிறீர்கள். அதை எந்த டார்வினும் காப்பாற்ற மாட்டார்.

செயலாளர் தம்பி மூன்றாவது சீட்டு அனுப்பிவிட்டார். மனுஷன் விஷயம் சொல்ல வேண்டும், நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் வடிவ ரத்த அணுவை 1952இல் கண்டது, அதற்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவு, நல்ல கதை. இன்னொரு நாள்.

மண்டப வாசலில் பச்சைத் துணி போட்ட மேஜையில் கையெழுத்துத் தாள் இருக்கிறது. எழுதியிருப்பது இரண்டே வரி. ஆற்றில் படிந்த சாம்பலை அள்ள வேண்டும், ஆற்றின் எல்லையை அளந்து கல் நட வேண்டும். மாமன்ற உறுப்பினர் ஐயா முதல் கையெழுத்து போடுவதாக மேடை ஏறுவதற்கு முன் என்னிடம் சொன்னார், இப்போது எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், அவர் இனி தப்ப முடியாது. வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு எண்ணூர் முகத்துவாரத்தில் படகு நிற்கும். பதினைந்து பேருக்குத்தான் இடம். பசங்களுக்கு முதல் இடம். புறாக்காரர்கள் கடைசியில் ஏறுங்கள், நீங்கள் மேலேயே பார்த்துக்கொண்டு வருவீர்கள். பிஸ்கட் கொடுக்கலாம், தம்பி.