உட்காரத் தயங்கும் கால்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நெருக்கடி மிகுந்த வாழ்வில் மனநிறைவு காண்பது பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னை அழைத்தபோது, ஜவுளிக்கடை ஒன்றின் புடவைப் பிரிவில் நெடுங்காலமாக வேலை பார்க்கும் ஒரு பெண்மணியே என் நினைவுக்கு வந்தார். கால் வீக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் மருந்து கேட்டு வந்த அவரை, இரண்டு முறை சொன்ன பிறகுதான் எதிரே இருந்த நாற்காலியில் அமரச் செய்ய முடிந்தது. இதயத்திலும் சிறுநீரகத்திலும் குறையேதும் இல்லை என்று சோதனைகள் காட்டின.

கடைகளில் பணிபுரிவோர், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காருவதற்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. கேரளத்தில் பெண் தொழிலாளர்கள் போராடி 2018-லேயே பெற்றுவிட்ட உரிமை அது. "உங்கள் கடையில் இருக்கை உண்டா?" என்று கேட்டேன். "ஸ்டூல் போட்டிருக்காங்க டாக்டர், ஆனா உக்காந்தா ஏதோ தப்பு பண்ற மாதிரி இருக்கு" என்றார்.

ஓய்வைக் குற்றமாக உணரும் இந்த மனநிலை அவர் ஒருவருக்கு உரியதன்று. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடுப்படியில் நின்றபடியே சாப்பிடும் தாய்மாரிடமும், நள்ளிரவில் அலுவலகச் செய்திக்குப் பதில் எழுதும் இளைஞரிடமும் இதையே காண்கிறேன்.

ஆபத்து நேரும்போது, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரந்து, இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகின்றன. துரத்தும் நாயிடமிருந்து தப்பி ஓட அது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் துரத்தல் ஓயவே இல்லை என்று உடல் நம்பிவிட்டால், காலையில் உயர்ந்து இரவில் தணிய வேண்டிய கார்டிசாலின் ஒழுங்கு குலையலாம், தூக்கம் கெடலாம். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ 35 விழுக்காடு கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் தெரிவித்தன.

ஆகவே, மனநிறைவு முழுக்க முழுக்க மனத்தைப் பொறுத்தது என்று சொல்லி நழுவ எனக்கு மனம் வரவில்லை. நாள் முழுதும் நிற்பவரிடம் மூச்சுப் பயிற்சியை மட்டும் பரிந்துரைப்பது மருத்துவமாகாது. 1923-இல் சென்னையில் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். சரியாக நூறாண்டு கழித்து, 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட மசோதா ஒன்று நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு வலுத்ததால், அதே மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. வேலைக்கு ஓர் எல்லை வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் பழையதாகிவிடவில்லை.

எல்லையைச் சட்டம் வகுத்துத் தரலாம். அதற்குள் இளைப்பாற நமக்கு நாமே இசைவு தர வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கைப்பேசியைத் தொடாமல் உட்காருங்கள், மூச்சை உள்ளே இழுப்பதைவிட நிதானமாக வெளியே விடுங்கள், அப்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும் என்று அந்தப் பெண்மணியிடம் சொன்னேன். வீட்டு வாசலில் கால் கழுவிய பிறகு கடையைப் பற்றி எண்ணுவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொண்டேன்.

தீபாவளி நெருங்கிய ஒரு வாரத்தில் அவர் மீண்டும் வந்தார். வீக்கம் குறைந்திருந்தது, தூக்கம் இன்னும் முழுமையாகச் சீராகவில்லை. கடையில் கூட்டம் அலைமோதுகிறது என்றும், ஆனாலும் மதியம் பத்து நிமிடம் உட்கார்ந்துவிடுவதாகவும், தம்மைப் பார்த்து உடன் வேலை செய்யும் இளம் பெண்கள் இருவரும் இப்போது உட்காருவதாகவும் சொன்னார். இம்முறை நான் சொல்லும் முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்திருந்தார்.

நன்றி, வணக்கம்.