பணம் வந்துருச்சா?

நேயர்களுக்கு வணக்கம்.

காய்கறிக் கடையில் 200 ரூபாய்க்கு வாங்கிவிட்டு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்கிறீர்கள். பணம் எடுக்கப்பட்டதாக வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்துவிட்டது. ஆனால் போனில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைக்கார அக்கா, "இன்னும் வரலையேப்பா" என்கிறார். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பவும் முடியாது, மறுபடி பணம் போடவும் மனம் வராது.

அந்த நேரத்தில், இந்தப் பணப் பரிமாற்றத்தை நடத்தும் சர்வர் கணினிகளைக் கண்காணிப்பவரின் திரையில், எல்லாம் சரி என்று பச்சையாகவே இருக்கும். நான் பல வருடம் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவன். 99.9 சதவீத நேரம் இயங்கினால் எங்களுக்குத் திருப்தி. கணக்குப் போட்டால், வருடத்தில் ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம் சேவை நின்றுபோகலாம் என்று அர்த்தம். அது நடுராத்திரியில் நடந்தாலும் சரி, முதல் தேதி சாயங்காலம் நடந்தாலும் சரி, சதவீதம் மாறாது.

யுபிஐ 2016-ல் வந்தது. பெரிய தொழில்நுட்பச் சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் சின்னக் கடைகளில் அது வேரூன்றியதில், கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து "50 ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். அதனால் பணம் ஒரு நொடிகூட முன்னால் போய்ச் சேருவதில்லை. ஆனால் மாவுக் கையோடு பரோட்டா தட்டுகிறவர் போனைத் தேட வேண்டாம். எதிரே நிற்பவர் காட்டும் திரையை நம்பலாமா என்று தயங்கவும் வேண்டாம். காதில் விழுந்தால் போதும். கடையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவருக்குத்தான் இப்படி ஒன்று தோன்றும்.

அப்புறம், கடைக்குச் சேராமல் நடுவில் நின்ற பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே விதித்திருக்கிறது. நல்ல விதி. கடை வாசலில் தவிப்பவரிடம் அதை யார் சொல்கிறார்கள்? 'பெண்டிங்' என்ற ஒரு சொல்தான் வருகிறது. 'கடைக்குச் சேராவிட்டால் இந்தத் தேதிக்குள் உங்கள் கணக்குக்கே திரும்பிவிடும், அவசரப்பட்டு மறுபடி அனுப்பாதீர்கள்' என்று இரண்டு வரி தமிழில் எழுதலாமே!

என் அம்மா மருந்துக்கடையில் இப்படித்தான் பயந்துபோய் ஒரே பில்லுக்கு இரண்டு தடவை அனுப்பிவிட்டார். இரண்டுமே போய்ச் சேர்ந்தன. நாங்கள் வைத்திருக்கும் அட்டவணையில் அந்த இரண்டாவதும் வெற்றி என்றுதான் பதிவாகும். அது எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நன்றி, வணக்கம்.