மாமன் சீரில் ஒரு பாஸ்புக்

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா பாட்டிகளும் தாய்மாமன்களும்தான் இங்கே அதிகம் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் பெற்றோருக்குச் சொல்லும் பேச்சை இன்று விட்டுவிடுகிறேன்.

பேத்திக்கு நாமே செல்வமகள் கணக்கு, அதாவது பெண் குழந்தைகளுக்கான அரசு சேமிப்புக் கணக்கு, தொடங்கிவிடலாம் என்று ஆதார் அட்டையோடு தபால் ஆபீசுக்கு வருகிறவர்கள் உண்டு. முடியாது. பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோதான் தொடங்க வேண்டும். முன்பு தாத்தா பாட்டி தொடங்கிய கணக்குகளையும் பெற்றோர் அல்லது காப்பாளர் பொறுப்புக்கு மாற்றச் சொல்லி 2024 அக்டோபரிலிருந்து விதி வந்துவிட்டது. அப்படி வைத்திருப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, நமக்கு என்ன வேலை? பணம் கொடுப்பது. காதுகுத்துக்குத் தோடு போடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். சொன்னாலும் உங்கள் அக்கா விடமாட்டார். தோட்டோடு சேர்த்து வருடம் 12,000 ரூபாயை அந்தக் கணக்கில் கட்டக் கொடுங்கள். 15 வருடத்தில் நாம் போட்டது 1,80,000. 2024 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த 8.2 சதவீத வட்டி கடைசிவரை நீடித்தால், கணக்கு முதிரும் 21 வருட முடிவில் 5,70,000-க்கு மேல் வரும். நீடித்தால்! 2015-ல் 9.1 சதவீதத்தோடு வந்த திட்டம் இது, இடையில் 7.6 வரை இறங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அறிவிப்பதுதான் வட்டி.

பணத்தை ஏப்ரல் 5-ம் தேதிக்குள் கட்டச் சொல்லுங்கள். 5-ம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசிவரை உள்ள குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. மார்ச் 31-ல் வரிசையில் நிற்கிறார்களே, அந்தப் பணத்துக்கு வருட வட்டி முழுக்கப் போயிற்று.

இன்னொன்று, 21 வருடம் என்பது கணக்கு தொடங்கிய நாளிலிருந்து. குழந்தைக்கு 10 வயது ஆகும்வரை தொடங்கலாம் என்று ஒன்பதில் தொடங்கினால், முதிரும்போது அவளுக்கு 30 வயது. படிப்புக்கு வேண்டுமென்றால், 18 வயது ஆனாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ, முந்தைய நிதியாண்டு இறுதி இருப்பில் பாதிவரை எடுக்கலாம். 18 ஆனபின் கணக்கை நடத்துவது அவள்தான். நாம் கொடுத்த காசுதானே என்று குறுக்கே போகக் கூடாது.

பையன்களுக்கு? பொன்மகன் என்று தபால் துறை பெயர் வைத்தது பிபிஎஃப் என்கிற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்குக்குத்தான். அதையும் தாத்தா தொடங்க முடியாது.

பாஸ்புக் கொண்டு வந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் இந்த மேசைக்கு வாருங்கள். காப்பாளர் பெயரும் தொடங்கிய தேதியும் பார்த்துச் சொல்கிறேன்.