பூனை எதைப் பார்க்கிறது?

[முழு ஓவியமும் திரையில்]

பத்து நொடி நான் பேசமாட்டேன், நீங்களே பாருங்கள்.

சரி. நான்கு குழந்தைகள், பளபளக்கும் உடுப்பு, ஒரே குதூகலம், அவ்வளவுதானே? வில்லியம் ஹோகார்த் 1742-இல் வரைந்த கிரகாம் குழந்தைகள் இவர்கள், படம் இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அப்பா டேனியல் கிரகாம் அரண்மனைக்கு மருந்து தயாரித்துக் கொடுத்தவர். வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்று நானும் முதல் தடவை நகர்ந்து போய்விட்டேன்.

[வலது மூலை, நெருக்கத்தில்]

இங்கே வாருங்கள். நாற்காலி முதுகில் தொற்றிக்கொண்டு ஒரு பூனை எட்டிப் பார்க்கிறது, கண் இரண்டும் உருண்டு விரிந்து, மேலே தொங்கும் கூண்டை விட்டு அசையவே இல்லை. கூண்டுக்குள் ஒரு கோல்ட்ஃபிஞ்ச் குருவி படபடக்கிறது. கீழே உட்கார்ந்திருக்கும் ரிச்சர்ட் மடியில் ஒரு சின்னப் பெட்டி, கைப்பிடியைச் சுற்றினால் இசை வரும், கூண்டுப் பறவைக்குப் பாட்டுப் பழக்க அந்தக் காலத்தில் வைத்திருந்தது. தன் பாட்டைக் கேட்டுத்தான் குருவி துள்ளுகிறது என்று பையனுக்கு வாயெல்லாம் பல். பூனை அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அவனுக்கு எங்கே தெரியும்! பெட்டிமேல் என்ன படம் தெரியுமா? இசையால் மிருகங்களை மயக்கிய கிரேக்கக் கதை நாயகன் ஆர்ஃபியஸ். ஹோகார்த்துக்குக் குசும்பு கொஞ்சம் அதிகம்தான்.

[மெதுவாக இடது பக்கம்]

அப்புறம் இந்தக் கடைக்குட்டி. கவுன் போட்டிருக்கிறதே என்று பெண் குழந்தை என நினைக்காதீர்கள், இவன் தாமஸ். அங்கே அப்போது சின்னப் பையன்களுக்கும் கவுன்தான். பெரிய அக்கா ஹென்ரியெட்டா செர்ரிப்பழத்தைத் தூக்கிக் காட்டுகிறாள், இவன் அதற்குக் கை நீட்டுகிறான். அப்படியே கண்ணை மேலே கொண்டு போனால் ஒரு கடிகாரம், அதன் உச்சியில் சிறகு வைத்த ஒரு குழந்தைச் சிலை, கையில் நீளமான அரிவாள். ஐரோப்பிய ஓவியங்களில் காலமும் மரணமும் ஏந்தி வரும் அதே அரிவாள்.

படம் முடிவதற்குள் தாமஸ் இறந்துவிட்டான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அந்தக் குருவியைப் பழையபடி பார்க்க முடியவில்லை. முழுப் படத்தையும் மறுபடி வைக்கிறேன், இந்தத் தடவை ரிச்சர்டின் சிரிப்பில் ஆரம்பித்து மெதுவாக இடது பக்கம் வாருங்கள்.